கொடுக்காத வார்த்தை

என் முதல் வீட்டுக்காரர் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் வெள்ளைக்கல் அரைக்கிற இடத்தில் வேலை பார்த்தார். சாயங்காலம் வீடு திரும்பும்போது புருவம்கூட வெளுத்திருக்கும். கல்யாணமான புதிதில் அதைப் பார்த்து, கிழவர் வந்துட்டார் என்று கேலி செய்வேன். ஐந்து வருஷம் கழித்து இருமல் வந்தது. டி.பி. என்று ஊசி போட்டார்கள். அவரோடு ஊசி போட்டுக்கொண்டவர்கள் தேறி வேலைக்குப் போனார்கள், அவர் தேறவில்லை. சூளையில் விளிம்பு கோணிப்போனதென்று பட்டறையில் கழித்துவிட்ட ஊறுகாய் ஜாடி ஒன்றில் சாம்பல் போட்டு வைத்திருந்தோம், அதில்தான் துப்புவார். அந்த ஜாடியைத் தினமும் கழுவியது நானில்லை, என் மாமியார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவளைப் பற்றி அடுத்துச் சொல்லப்போவதில் பாதி குறைதான்.

அத்தைக்கு நாக்கு நீளம். குழம்பில் உப்பு ஏறினால் என் அம்மாவரைக்கும் போய்விட்டு வருவாள். சர்க்கரை டப்பாவை எனக்குத் தெரியாத இடத்தில் வைப்பாள். வீட்டுச் சாவி எப்போதும் அவள் இடுப்பில்தான். மகனை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, ஊர் சனம் உட்கார்ந்திருக்கும்போதே, "எம்புள்ளய முழுங்கிட்டு குத்துக்கல்லு மாதிரி ஒக்காந்திருக்கா பாரு" என்றாள். நான் முப்பதாம் நாள் பூசை முடியட்டும், அண்ணன் வந்து கூட்டிக்கொண்டு போய்விடும், அதுவரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்போம் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் அப்படித்தான் வழக்கம். பிள்ளை இல்லாத பெண் என்றால் முப்பதாம் நாள் பூசைக்குப் பிறந்த வீட்டார் சேலையோடு வருவார்கள், பூசை முடிந்ததும் அழைத்துப் போவார்கள்.

இது எழுபதுகளின் தொடக்கம். பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. அதுவரை பழைய ஏற்பாடு என்று ஒன்று இருப்பதே எங்கள் சனத்தில் பாதிப்பேருக்குத் தெரியாது. சாமியார் முதுகைக் காட்டிக்கொண்டு என்னமோ சொல்வார், நாங்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருப்போம், மணி அடித்தால் தலை குனிவோம். புதிதாக வந்த பங்குச் சாமியார் இளவட்டம். சபையில் இருப்பவர்களே எழுந்து வாசகம் வாசிக்க வேண்டும் என்றார். எட்டாவது படித்தவள் என்று யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். முப்பதாம் நாள் பூசைக்கு நீயே வாசி அம்மா, ஆறுதலாக இருக்கும் என்று புத்தகத்தைக் கையில் கொடுத்தார். அவர் தேர்ந்தெடுத்த பகுதி, புருஷனைப் பறிகொடுத்த ஒரு மருமகள் தன் மாமியாரை விட்டுப் போகமாட்டேன் என்று சொல்கிற இடம். எங்கே போனாலும் கூடவே வருவதாகவும், செத்தாலும் அவள் பக்கத்திலேயே தன்னைப் புதைக்கட்டும் என்றும் அந்தப் பெண் சொல்கிறாள். முன்னாடியே படித்துப் பார்த்திருந்தால் வேறு கொடுங்கள் என்று கேட்டிருப்பேன்.

பெண்பிள்ளை பீடத்தில் ஏறக்கூடாது என்று என்னைக் கிராதியோரம் நிறுத்தினார்கள். நன்மை அப்பம் வாங்க எல்லோரும் முழங்கால் போடுகிற மரத் தடுப்புதான் கிராதி. கல்யாணத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் நின்று வார்த்தைப்பாடு கொடுக்கிறதும் அதே இடத்தில்தான். எங்கள் கோயிலில் ஒரு பெண் அங்கே நின்று தனியாக வாய் திறந்து பேசி அதற்கு முன் யாரும் கேட்டதில்லை, கல்யாணத்தைத் தவிர.

நான் வாசித்தேன். சத்தம் கம்மியாகத்தான் வந்தது. முடித்து நிமிர்ந்தபோது கோயிலே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தது. என் வாசிப்பு அவ்வளவு நன்றாக இருந்ததா என்று ஒரு நிமிஷம் பெருமைகூடப் பட்டேன், அந்த வெட்கக்கேட்டையும் சொல்லித்தானே ஆக வேண்டும். வெளியே வந்ததும் பெண்கள் ஒவ்வொருவராக என் கையைப் பிடித்து நெற்றியில் வைத்துக்கொண்டார்கள். அண்ணன் சேலையைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தபடி நின்றது. அத்தை என் பக்கத்தில் வந்தாள். இடுப்பிலிருந்த சாவியை அவிழ்த்து என் முந்தானையில் முடிந்தாள்.

"சாமி முன்னால நின்னு இம்மாம் பெரிய வார்த்த குடுத்துட்டியேம்மா" என்றாள்.

அத்தை மட்டும் இல்லை, அங்கே நின்றிருந்த பாதிப்பேர் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். புத்தகத்தில் இருப்பதைத்தான் வாசித்தேன், அது யாரோ எந்தக் காலத்திலோ சொன்னது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கிழட்டு முகத்தில் அதுவரை நான் பார்க்காத ஒன்று இருந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அண்ணன் சேலையைக் கொடுத்துவிட்டுத் தனியாக எங்கள் ஊர் கருவேப்பிலங்குறிச்சிக்குப் பஸ் ஏறியது.

அடுத்த வாரமே என் நாத்தனார் பெண்ணாடத்திலிருந்து வந்தாள். அவள் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை ஆலையில் வேலை, கையகல வீடு என்றாலும் அம்மாவைத் தன்னோடு வைத்துக்கொள்ளத் தயாராக இருந்தாள். "நான் எதுக்குடி மருமொவன் வூட்டுல வந்து குந்தணும்? எம்மருமவ இருக்குறா. வார்த்த குடுத்திருக்குறா" என்று அத்தை அவளைத் திருப்பி அனுப்பிவிட்டாள். நான் அடுப்பு ஊதுகிற சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டேன். சொல்லாமல் விட்டது இப்போது இன்னொருத்தியின் வீட்டுக் கதவையும் சாத்திவிட்டது.

அத்தை திருந்திவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். திட்டு அப்படியே இருந்தது. சர்க்கரை டப்பா மட்டும் வெளியே வந்தது. மீன் வாங்கினால் நடுத்துண்டு என் தட்டில் விழும், அதையும் திட்டிக்கொண்டேதான் போடுவாள். மகன் படுத்ததிலிருந்தே அத்தை பட்டறைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள், அவளோடு நானும் போனேன். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைச் சாமானை ஈரப் பஞ்சால் துடைத்து, பிசிறைச் சுரண்டி எடுக்கிற வேலை. காய்ந்த பிசிறு மாவாகப் பறக்கும். ஒரு நாள் கையைக் கழுவும்போது முழங்கைவரை வெளுத்திருந்ததைப் பார்த்தேன். அன்றைக்கு மத்தியானம் இரண்டு தடவை இருமினேன். வெறும் தொண்டைக் கமறல்தான். ஆனால் அந்தக் கோணல் ஜாடி கண் முன்னால் வந்து நின்றது. எனக்கு இருபத்தாறு வயது, நான் சாக விரும்பவில்லை.

சாமியாரிடம் போனேன். "தோத்திரம் சாமி. நான் வாசிச்சது தான சாமி, நானா சொல்லலியே" என்றேன். அவர் என்னை உட்காரச் சொன்னார். தானே இழுத்துவிட்ட வினை என்று அவருக்கும் தெரிந்திருக்கும்.

"அது ஒன் வார்த்த இல்லம்மா. கடவுளும் அப்படி எடுத்துக்க மாட்டாரு" என்றார். பிறகு, "அந்தப் பழைய வேதத்துல அன்புன்னு வர்றது பாதி எடத்துல மனசு உருகறது இல்ல. விட்டுட்டுப் போறதுக்கு நியாயம் இருந்தும் போவாம நிக்கறது. அதனாலதான் அதக் கட்டளையாவே குடுக்க முடியுது. ஆனா அதே கதையில இன்னொரு மருமவளும் இருக்குறா. அவ அழுதுட்டுத் தாய் வூட்டுக்குத் திரும்பிப் போயிட்டா. அவளப் பத்தி வேதம் ஒரு கொறையும் சொல்லல" என்றார்.

அந்தக் கடைசிப் பேச்சை மட்டும் முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு வந்தேன். கிளம்பும்போது, அத்தையிடம் உண்மையைச் சொல்லிவிடு என்று அவர் சொன்னதை வழியிலேயே போட்டுவிட்டேன்.

ஸ்ரீமுஷ்ணம் பக்கத்து ஊர் ஒன்றில் பெண்டாட்டியை இழந்து இரண்டு பிள்ளைகளோடு ஒருத்தர் இருக்கிறார், கொஞ்சம் நிலம் உண்டு என்று அண்ணன் சொல்லியனுப்பியது. நான் சரி என்றேன். அத்தையிடம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொன்னேன். சாவியைக் கையில் கொடுத்தபோது, "நீயே வச்சுக்கம்மா, நான் கதவச் சாத்திட்டுப் போயிக்கறேன்" என்றாள். போயிட்டு வரேன் என்று, எல்லோரும் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பஸ் ஏறுகிறவரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்குக் கல்யாணமான சேதி அவளுக்குப் போய்ச் சேராமலா இருக்கும்? சேர்ந்தது. கேட்டவர்களிடம், "போனா என்னா, வருவா. வார்த்த இருக்குதுல்ல" என்றாளாம். நாத்தனார் இன்னும் இரண்டு தடவை வந்து கூப்பிட்டிருக்கிறாள். "அவ வர்றப்ப இங்க வேற யாராச்சும் குடியிருந்தா எங்க போவா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டாளாம். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். மூன்று வருஷம் அந்த வாடகை வீட்டில் தனியாக, இருமிக்கொண்டு, பிசிறு சுரண்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். ஒரு காலையில் கதவு திறக்கவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் தள்ளித் திறந்திருக்கிறார்கள். அடுப்பங்கரையில் கிடந்தாளாம்.

அடக்கத்துக்குப் போனேன். முந்தானையில் சாவியை முடிந்துகொண்டுதான் போனேன், ஏன் என்று தெரியவில்லை. நாத்தனார் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள், அடிப்பாள் என்றுதான் நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"ஒனக்குன்னு எடம் உட்டு வச்சிருக்குது எங்கம்மா. போயி பாரு" என்றாள்.

கல்லறைத் தோட்டத்தில் பார்த்தேன். மகன் குழிக்குப் பக்கத்தில் அவளை வைக்கவில்லை. நடுவில் ஓர் ஆள் கிடக்கிற அளவுக்கு இடம் விட்டு, அதற்கு அப்பால் வெட்டியிருந்தார்கள். உயிரோடு இருக்கும்போதே, கோயில் வேலைகளைப் பார்க்கிற உபதேசியாரிடம் சொல்லி வைத்தாளாம். "எம்மருமவ பக்கத்துலயே பொதைக்கச் சொல்லி கேட்டிருக்குறா, புருசனுக்கும் எனக்கும் நடுவுல கெடக்கட்டும்" என்றாளாம்.

அதற்குப் பிறகுதான் நான் அந்தப் பழைய ஏற்பாட்டை முதலிலிருந்து படித்தேன். சாமியார் சொன்னது அங்கே இருந்தது, அவர் சொல்லாததும் இருந்தது. அதில் வருகிற கடவுள் பாதி நேரம் திட்டிக்கொண்டே இருக்கிறார். உன்னை அப்படி வளர்த்தேன், இப்படிப் பார்த்துக்கொண்டேன், என்னை விட்டுவிட்டு எவனிடமோ போனாயே என்று வாய் ஓயாமல் ஏசுகிறார். இனிமேல் முகத்திலேயே விழிக்காதே என்கிறார். அடுத்த பக்கத்தில் திரும்பி வா என்று கூப்பிடுகிறார். சாதுவான அன்பைத் தேடி அங்கே போகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். எனக்கு அந்தக் குரல் பழகின குரலாக இருந்தது. மீன் துண்டைத் திட்டிக்கொண்டே தட்டில் போட்ட குரல். படிக்கப் படிக்கக் கோபம்தான் வந்தது. நான் கொடுக்காத வார்த்தையை எனக்காக வைத்துக் காப்பாற்று என்று யார் கேட்டார்கள் இவளை? கேட்காமலே செய்தாள். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஒரு கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தி வைக்கப் போயிருந்தேன். இரண்டாவது வீட்டுக்காரரும் கூட வந்திருந்தார். உபதேசியார் என்னைப் பார்த்துவிட்டு வந்தார். தோட்டத்தில் இடம் நெருக்கடி, அந்த நடு இடத்தை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிடலாமா, நீங்கள்தான் வேறு வீட்டுக்குப் போய்விட்டீர்களே என்று கேட்டார். நியாயமான கேள்வி. கொடுத்துவிடுங்கள் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன்.

"வேணாம். அது என் எடம்" என்றேன்.

இந்த முறை யாரும் புத்தகத்தைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் மெழுகுவர்த்தியை மண்ணில் ஊன்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். திரும்பும்போது பஸ்ஸில் அவர் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தார். தாய் இல்லாத தன் பிள்ளைகளை என்னை நம்பி ஒப்படைத்தவர். அந்த மனுஷனுக்கு நான் என்ன சமாதானம் சொல்வது? ஊர் வந்து இறங்கியதும் முன்னால் நடந்து போய்விட்டார். அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் தேவைக்கு மேல் பேச்சு இல்லை.

அடுத்த கல்லறைத் திருநாளுக்கு நான் தனியாகக் கிளம்பினேன். பஸ் ஸ்டாப்பில் பார்த்தால் எனக்கு முன்பே வந்து நின்றுகொண்டிருந்தார், கையில் மண்வெட்டி. விருத்தாசலம் போகிறவரைக்கும் அதைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோட்டத்தில் அந்த இரண்டு குழிகளுக்கும் நடுவில் முள் மண்டிக் கிடந்தது. சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வெட்ட ஆரம்பித்தார். வெட்டி, மண்ணைச் சமப்படுத்தி, கல்லைப் பொறுக்கி ஓரமாகப் போட்டார். நான் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முடிந்ததும் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, "போலாமா" என்றார்.