முந்தைய பக்கத்தின் கடைசி வரி

தகவல் பெறும் உரிமைச் சட்டம், பிரிவு 7(1): மனு கிடைத்த முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும். விழுப்புரத்தில் நான் பொருளியல் துறைத்தலைவராக இருந்து ஓய்வு பெற்ற கல்லூரிக்கும் இது பொருந்தும் என்றுதான் நம்பியிருந்தேன்.

கேட்டது சின்ன விஷயம். வருடக்கணக்காக நான் நடத்திய ‘பணமும் வங்கியும்’ பாடம் போய், ‘கிரிப்டோ நாணயங்களும் மெஷின் லேர்னிங்கும்’ வந்துவிட்டது. அதை முடிவு செய்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்தின் குறிப்பு நகல் வேண்டும். அதில் ஒரு ஓட்டை இருந்தால் போதும், புதுப் பாடம் விழுந்து என் பாடம் திரும்பிவிடும்.

புதுப் பாடத்தைக் கொண்டுவந்த பேராசிரியை என்னிடம் ஜூனியராகச் சேர்ந்தவர். திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விலை ஏறி இறங்குவதைப் பற்றி, ஆறு வருடம் அலைந்து நான் ஆய்வேடு எழுதினேன். அது என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அவர் நாற்காலியை விட்டு எழாமல் பிட்காயின் விலையைக் கணினிக்குப் படிக்கக் கொடுத்து எழுதுகிறார். அது வெளிநாட்டு இதழ்களில் வருகிறது. பொறாமையா என்றால், ஆமாம்.

மனுவை நேரில் கொடுத்து முத்திரை வாங்குவது என் வழக்கம். திண்டிவனத்தில் பஸ் ஏறிப் போனேன். அலுவலகத்துக்குப் போகும் வழியில், வகுப்பு வாசலில் நின்றிருந்த அவர் பார்த்துவிட்டார்.

“சார்! வாங்க சார். கிளாஸ் போய்க்கினு இருக்கு, சும்மா உள்ள வந்து உக்காருங்க.”

கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன், மனு மடியில். பிளாக்செயின் பாடம். ஒரு மாணவி எழுந்தாள்.

“நடுவுல ஒரு பிளாக்க யாருனா மாத்திட்டா, மேடம்?”

என் வகுப்பில் யாரும் சந்தேகம் கேட்டதில்லை. எல்லாருக்கும் புரிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன்.

“நம்ம டிபார்ட்மென்ட் மினிட் புக் மாதிரிதாம்மா. முந்தின பக்கத்தோட கடைசி வரிய அடுத்த பக்கத்து உச்சில திரும்ப எழுதணும்னு அப்ப இருந்த ஹெச்.ஓ.டி. ரூல் போட்டாரு. நடுவுல ஒரு தாள மாத்துனா அடுத்த பக்கம் காட்டிக் குடுத்துடும். நாங்க திட்டிக்கினேதான் எழுதுனோம்.”

“யாரு மேடம் அந்த பேஜாரு?” என்றான் ஒருவன்.

“உன் பின்னால உக்காந்துகினு இருக்காரு பாரு.”

வகுப்பு சிரித்தது, பிறகு கைதட்டியது. நான் முப்பது வருடத்தில் வாங்காத கைதட்டலை எனக்காக அவர் ஒரு நிமிடத்தில் வாங்கிக் கொடுத்தார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நேரே அலுவலகத்துக்குப் போய் மனுவைக் கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டேன்.

முப்பதாவது நாள் பதில் வரவில்லை. முதல் மேல்முறையீட்டை எழுதி, உறையை ஒட்டப்போன காலையில் தபால்காரர் கல்லூரியின் பதிலோடு வந்தார்.

குறிப்பு இரண்டு பக்கம். வந்திருந்த உறுப்பினர் எண்ணிக்கை சரி, கையெழுத்துகள் சரி. முதல் பக்கத்தின் கடைசி வரி: ‘பணமும் வங்கியும் பாடம் நீக்கப்படுகிறது.’ இரண்டாம் பக்கத்தின் முதல் வரி, அந்தப் பேராசிரியையின் கையெழுத்தில், என் விதிப்படி: ‘பணமும் வங்கியும் பாடம் நீக்கப்படுகிறது.’

கல்லூரி உறையின் மூலையில் பென்சிலால் குறித்தேன்: கிடைத்த நாள், மார்ச் 12, முப்பத்தோராவது நாள்.