தொப்பிக்கு முந்திய தலை

நர்ஸ் வேலைக்குக் கை சுத்தம் வேண்டும் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். ஆனால் நோயாளிகள் பார்ப்பது தலையை.

எட்டாம் கட்டிலில் வாத்தியார் வீட்டு அம்மா வாயை இறுக்கி மூடிக்கொண்டு படுத்திருந்தார். நான் தெர்மாமீட்டரை நீட்டிக்கொண்டு நின்றேன். டாக்டர் இரண்டு கட்டில் தள்ளி வந்துவிட்டார். கட்டில் காலில் தொங்கும் அட்டையில் உடம்புச் சூடு இன்னும் எழுதவில்லை. "கொஞ்சம் வாயைத் திறங்க அம்மா" என்று கெஞ்சினேன். அவர் என் நெற்றிக்கு மேலே பார்த்தார். அங்கே எண்ணெய் தேய்த்து இழுத்துக் கட்டிய முடி மட்டும்தான் இருந்தது.

புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குத் தொப்பி கிடையாது. ஆறு மாதம் பெட்பான் கழுவி, படுக்கை விரித்து, திட்டு வாங்கி, மேட்ரன் அம்மாவுக்கு நம்மேல் ஒரு நம்பிக்கை வந்தால்தான் அந்த வெள்ளைத் தொப்பியைத் தலையில் வைப்பார்கள். வராவிட்டால் அடுத்த கூட்டத்தோடு மறுபடி முதலிலிருந்து. என்னைப் போல வெறுந்தலையோடு வார்டில் நின்ற அக்காமாருக்கும் தங்கச்சிமாருக்கும் அந்த ஆறு மாதத்தின் நீளம் தெரியும். மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டுமே.

கடைசியில் ரோசம்மாவைக் கூப்பிட்டேன். அவள் எனக்கு ஒரு வருஷம் மூத்தவள், தொப்பிக்காரி. அதே தெர்மாமீட்டர்தான், கழுவி உதறி நான்தான் அவள் கையில் கொடுத்தேன். வாத்தியார் வீட்டு அம்மா குருவிக்குஞ்சு மாதிரி வாயைத் திறந்தார். அட்டையில் எழுத நான் குனிந்தபோது என் கையைத் தட்டிக்கொடுத்து, அன்பாகத்தான், சொன்னார்: "வருத்தப்படாத மக்கா. நீ போய் அந்த எச்சில் கோப்பையைக் கழுவு. இதெல்லாம் நர்சு பாத்துக்கிடுவா."

பெட்பான் அறையில் பிச்சிப்பூ

எனக்குச் சொந்த ஊர் தோவாளை, அப்பாவுக்குப் பூ வியாபாரம். எங்கள் வீட்டில் அரிசி இல்லாத நாள் உண்டு, பூ இல்லாத நாள் கிடையாது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு தடவை ஊரில் காலரா வந்தது. வெள்ளைத் தொப்பி வைத்த ஒரு நர்ஸ் பஸ்ஸிலிருந்து இறங்கி, வீடு வீடாகப் போய், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்றாள். எங்கள் அப்பா யார் சொன்னாலும் கேட்க மாட்டார். அம்மா சொன்னால் கேட்கவே மாட்டார். அன்றைக்கு அவரே விறகு பிளந்து அடுப்பு மூட்டினார். அப்போது பிடித்த ஆசை இது. ஐந்தாம் பாரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் குழித்துறைப் பக்கத்தில் இருக்கும் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தேன். ஏன் நர்ஸ் ஆக வேண்டும் என்று கேட்டார்கள். சேவை செய்ய என்றேன். பொய். நான் ஒன்று சொன்னால் நாலு பேர் கேட்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

வார்டில் பூ வைக்கக் கூடாது. அது தெரியாமல் என் அத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் மாறி மாறி, மடியில் வாழையிலைப் பொதியோடு வந்து சேர்ந்தாள். பிரித்தால் பிச்சிப்பூச் சரம், முழம் முழமாக. தலையில் வைக்கவும் முடியாது, எறியவும் மனசு வரவில்லை. பெட்பான் கழுவும் அறையில் ஓர் எனாமல் கிண்ணத்தில் தண்ணீர் விட்டு மிதக்க வைத்தேன். அன்று சாயங்காலம்வரை பெட்பானைத் தூக்கிக்கொண்டு அங்கேயே ஓடினேன். சுத்தமாக இருந்ததையும் கழுவினேன். டெட்டால் வாசனைக்குள்ளிருந்து எங்கள் வீட்டு வாசனை வந்தது. அப்பா பூக்கூடையை பஸ் மேலே ஏற்றும்போது கண்டக்டரோடு போடும் சண்டைகூடக் காதில் கேட்டது. அத்தை வாசலில் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னதும் அந்த வாசனையோடு சேர்ந்து கேட்டது: "ஏட்டி பகவதி, தலையிலே பூவும் இல்ல, தொப்பியும் இல்ல. நீ நர்சுக்குப் படிக்கியா, இல்ல சாமியாராப் போகப் போறியா?"

கட்டிலுக்கு மேலே, கட்டிலுக்குக் கீழே

அந்த வருஷந்தான் பிரசவத்துக்கென்று புதிய வார்டு கட்டினார்கள். பன்னிரண்டு இரும்புக் கட்டில், எல்லாவற்றுக்கும் பஞ்சு மெத்தை, சுவரில் சுண்ணாம்பு வாசனை. திறந்த அன்று சுற்று வட்டாரப் பெண்கள் எல்லாரும் வந்து மெத்தையை அமுக்கிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் பிரசவத்துக்கு வீட்டிலேயே இருந்துகொண்டார்கள். மேட்ரன் அம்மா சும்மா இருப்பவர் இல்லை. எங்களில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி, கர்ப்பிணி இருக்கிற வீடாகப் பார்த்து ஏறி இறங்கினார். வெயிலில் நடந்து நடந்து என் செருப்பு அறுந்ததுதான் மிச்சம் என்று நினைத்தேன். ஒருத்தி வந்தாள், அம்மாவையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு.

பிரசவம் நல்லபடி முடிந்தது. மறுநாள் காலை டாக்டர் வந்தார். கட்டிலில் தலையோடு போர்த்திக்கொண்டு கிடந்த உருவத்தின் கையை எடுத்து நாடி பிடித்தார். புருவத்தைச் சுருக்கினார். "நேற்றுப் பெற்ற பெண்ணுக்கு ஒரே ராத்திரியில் கை இவ்வளவு சுருங்குமா?" என்று மேட்ரன் அம்மாவைக் கேட்டார். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது: "நான் இஞ்ச கெடக்கேன் டாக்டரே." குனிந்து பார்த்தால் தாயும் பிள்ளையும் தரையில் பாய் விரித்துச் சுகமாகப் படுத்திருந்தார்கள். மெத்தையில் படுத்திருந்தது அவளுடைய அம்மா. நான் சிரித்துவிட்டேன், சிரித்ததற்கு மேட்ரன் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்த அம்மா ஒன்றும் நடக்காதது போல எழுந்து உட்கார்ந்து விளக்கம் சொன்னாள்: "இம்புட்டு உயரத்துலேருந்து பிள்ள விழுந்துருமேண்ணு அவளைத் தாழக் கிடத்தினேன். இவ்வளவு நல்ல மெத்தை சும்மா கெடந்தா பாவமில்லியா, அதான் நான் ஏறிக் கிடந்தேன்."

கஞ்சி போட்ட தொப்பி

தொப்பிகளுக்குக் கஞ்சி போடுவது வெறுந்தலைகளின் வேலை. சோறு வடித்த கஞ்சியைத் துணியில் வடிகட்டி, தொப்பியை முக்கிப் பிழிந்து, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினால் அப்பளம் மாதிரி காய்ந்து உரிந்து வரும். அதை மடித்து ஊசி குத்தினால் தொப்பி. எனக்கு மடிப்பு நன்றாக வரும். ரோசம்மா தன்னுடையதை வேறு யாரிடமும் கொடுக்க மாட்டாள். அவளுக்கு ஊர் கடற்கரையோரத்து மணவாளக்குறிச்சி. அப்பாவுக்கு மணல் கம்பெனியில் வேலை. படிப்பு முடிந்ததும் பம்பாய்க்குப் போகப் போகிறாளாம். அங்கே கடலைப் பார்த்தபடியே பெரிய ஆஸ்பத்திரி உண்டு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறவள், கடல் பார்க்க பம்பாய்க்கா போவாள்?

ஒரு மத்தியானம் அவளுடைய தொப்பியை மடித்து முடித்தேன். துணி அறையில் யாரும் இல்லை. மருந்து அலமாரிக் கதவின் கண்ணாடியில் முகம் தெரியும். வைத்துப் பார்த்தேன். என் முகம்தான், ஆனால் அந்த முகம் சொன்னால் நானே கேட்டிருப்பேன். "வாயைத் திறங்க" என்று கண்ணாடியிடம் சொன்னேன். "தண்ணியைக் கொதிக்க வைங்க" என்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. ரோசம்மா பின்னால் வந்து நின்றது கண்ணாடியில் தெரிந்த பிறகுதான் கையைத் தலைக்குக் கொண்டு போனேன். அவள் திட்டவில்லை. இரண்டு விரலால் பூப்போல எடுத்து, உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, பெருமூச்சு விட்டாள்: "உனக்குள்ளது உனக்கு வரும் மக்கா. எனக்குள்ளதுலே எண்ணெய் பிடிக்க வைக்காத."

ஒரு கோப்பை வெள்ளம்

எனக்குள்ளதும் வந்தது, வாசல்வரைக்கும். தொப்பி வைக்கும் நாள் குறித்து, பெயர்களையும் சொல்லிவிட்டார்கள். என் பெயரும் இருந்தது. அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினேன். பூ வியாபாரத்தை ஒரு நாள் விட்டுவிட்டு வந்து முன்வரிசையில் உட்காருவதாகப் பதில் வந்தது.

தொப்பி வைக்கும் நாளன்று காலையில் எனக்குப் பிரசவ வார்டில் வேலை. சரசு என்று ஒரு பெண் பிள்ளை பெற்றுக் கிடந்தாள். என் வயதுதான் இருக்கும். மலைப்பக்கத்து ஊர், அந்த ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பிள்ளை பெற வந்த முதல் ஆள் அவள்தான். தலைமாட்டில் மாமியார் காவல். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிறு பெருத்துவிடும் என்று அவர்கள் பக்கத்தில் கொடுக்க மாட்டார்கள். எங்கள் ஊரிலும் அப்படித்தான், பொய் சொல்வானேன். சுக்கும் பூண்டும் கருப்பட்டியும் இடித்து உருட்டிய மருந்து மட்டும். மாமியார் குளிக்கப் போன நேரத்தில் நான் ஈரத்துணியால் சரசுவின் முகத்தைத் துடைத்தேன். துணி உதட்டில் பட்டதும் அவள் அதைப் பல்லால் கவ்விக்கொண்டாள். கவ்வி உறிஞ்சினாள். நான் இழுத்தேன், விடவில்லை. கண்ணிலே நீர் ஒழுகியது. "ஒரு கோப்பை வெள்ளம் தா மோளே" என்றாள். அவர்கள் பக்கத்தில் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பேர். ஆறிய வெந்நீர் கொடுத்தேன். மூச்சு விடாமல் குடித்தாள். இன்னொரு கோப்பை கொடுத்தேன்.

மாமியார் ஈரத் தலையோடு வந்து நின்றாள். பிறகு அவள் போட்ட சத்தத்தில் பன்னிரண்டு கட்டிலும் ஆடின. நான் என் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "ஆடு குட்டி போட்டாக்கூடத் தண்ணி காட்டுவீங்களே, இவளுக்கு மட்டும் ஏன் காட்டல்ல?" என்று கேட்டுவிட்டேன். அவ்வளவுதான், பாயைச் சுருட்டினாள். மருமகளை இப்போதே கூட்டிக்கொண்டு போவேன், எங்கள் ஊரிலிருந்து இனி ஒருத்தி இங்கே வர மாட்டாள் என்றாள். தண்ணீர் கொடுத்தது தப்பு என்று கொடுத்தவளே வந்து சொன்னால் இருப்பாளாம்.

மேட்ரன் அம்மா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கோபம் இல்லை, களைத்திருந்தார். "தண்ணி குடுத்தது சரிதான். எனக்குத் தெரியாதா? ஆனா அவ போனா அந்த ஊரே போச்சு. நாம வெயில்லே நடந்ததெல்லாம் போச்சு. தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிரு. அந்தத் தண்ணியிலே கொஞ்சம் கலர் கலந்து, மருந்துன்னு சொல்லி நானே சரசுக்குக் குடுத்துக்கிடுதேன்."

ஆட்டைச் சொன்னது தப்பு, அதற்கு வேண்டுமானால் காலில் விழுகிறேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார். அந்த அம்மா கேட்பது அது இல்லையே. "அவ ஊருக்குப் போய், ஆஸ்பத்திரிக்காரியே தப்புன்னு ஒத்துக்கிட்டான்னு சொல்லுவாளே அம்மா. அங்கே வீட்டிலே பெத்துக் கிடக்கிறவளுக்கு யாரு கலர் கலந்து குடுப்பா?" என்று கேட்டேன். வெளியே, தொப்பி வைக்கப் போகும் ஹாலில் பெஞ்சு இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. அப்பா எப்போதும் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிடுவார். இப்போதும் வந்திருப்பார், வேட்டியில் பூக்கறையோடு. எனக்கு அந்தத் தொப்பி வேண்டும். அப்போதும் வேண்டும், இதை எழுதும்போதும் வேண்டும். அதை மறைக்க மாட்டேன்.

கடைசியில் மேட்ரன் அம்மா எழுந்து என் தோளில் கை வைத்துச் சொன்னார்: "அந்த அம்மா வராந்தாவிலே நிக்கா. போய் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லு, பிறகு தலையை வாரிட்டு ஹாலுக்கு வா. சொல்ல முடியாதுன்னா, வர வேண்டாம்."

தலையை நன்றாக வாரிக்கொண்டேன். வராந்தாப் பக்கம் போகவில்லை.