பிட்டர் மருதமுத்து அண்ணனும் பங்களா கேஸ் அடுப்பும்

கொஸ்லந்தை பஸ்ஸின் கண்டக்டர் என் சாப்பாட்டுக் கடை வாசலில் இறங்கினார். வழக்கமாகத் தேநீர் கேட்பவர், அன்று கேட்கவில்லை. "பிட்டர் மருதமுத்து காலையில தவறிட்டாருங்க. நாளைக்கு ரெண்டு மணிக்கு எடுக்குறாங்க" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார். நான் அடுப்பை அணைத்து, பண்டாரவளையில் எந்தக் காரணத்துக்கும் அடைக்காத கடையை அடைத்தேன்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் தோட்டத்துத் தேயிலை பேக்டரியில் மெஷின்களைப் பழுது பார்க்கும் பிட்டர் அவர். பேச்சு குறைவு. எந்த மெஷினைக் கழற்றினாலும் பக்கத்தில் நிற்பவரிடம் "ஏதாச்சும் வாசம் வருதா?" என்று கேட்பார். கேட்டுக் கேட்டே உயிரை வாங்குவார். மனிதருக்கு அப்படியொரு கவனம் என்று எல்லோரும் நினைத்தோம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் தோட்ட மேனேஜர் பங்களாவின் பழைய சமையல்காரர் ஓய்வு பெற்றுப் போனார். கணவரை இழந்து, கொழுந்து பறித்துக்கொண்டிருந்த என்னை மூன்று மாதம் பார்ப்போம் என்று மேனேஜர் துரை பங்களாவின் சமையலறையான குசினியில் விட்டார். குசினிக்குப் பின்னால் எனக்கும் மகளுக்கும் ஓர் அறை கிடைத்தது. உள்ளே தாழ்ப்பாள் இருந்த அறை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இறக்கி வைத்த கூடையை மறுபடி முதுகில் மாட்ட எனக்கு மனமே இல்லை.

மூன்றாம் மாதம் முடியும் நேரத்தில் துரை கார் கொட்டகையிலிருந்து ஒரு பெட்டியை இழுத்து வரச் சொன்னார். முன்பு இருந்த துரை ஒருவர் விட்டுப்போன பார்பிகியூ அடுப்பு. கேஸில் எரிவது.

"சனிக்கிழமை கம்பெனி ஆக்கள் வாறாங்க. இதுலதான் கோழி சுட வேணும். ஏலாட்டி இப்பவே சொல்லு, கொழும்புல இருந்து குக் ஒருத்தர எடுக்குறேன்."

அப்படி ஒருவர் வந்தால் திரும்பிப் போகமாட்டார். "ஏலும் துரை" என்று சொல்லிவிட்டேன். எனக்கோ விறகு அடுப்பைத் தவிர வேறொன்றும் தெரியாது.

மருதமுத்து அண்ணன் புதன்கிழமை வேலை முடிந்து அதைப் பழுது பார்க்க வந்தார். மூடியைத் திறந்ததும் எலிக்கூடு. கேஸ் வரும் ரப்பர் குழாயை எலி கடித்துக் குதறியிருந்தது. நெருப்பு வரும் துளைகளில் சிலந்திக்கூடு. கம்பித்தட்டில் துரு அப்பிக் கிடந்தது. தட்டின் அடியில் பரப்ப வேண்டிய கருங்கற்களைக் காணவில்லை. தேடினால், பூந்தோட்டக்காரர் அவற்றை ஓர்க்கிட் சட்டிகளில் போட்டு வைத்திருந்தார். "நல்ல கல்லுன்னு நெனச்சேன்" என்றார் அந்தப் புண்ணியவான்.

மூன்று நாளும் மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தோம். துளை துளையாகக் கம்பி விட்டுக் குத்தினார். புதுக் குழாய் வாங்கி வந்தார். சனிக்கிழமை நாலு மணிக்கு எல்லாவற்றையும் பூட்டி முடித்தார். விருந்தாளிகள் ஆறு மணிக்கு.

சிலிண்டரைத் திறந்துவிட்டு, கேஸ் கசிகிறதா என்று நுரை வைத்துப் பார்க்க, தண்ணீர்க் குழாயடியில் சவர்க்காரம் கரைக்கப் போனார். "நான் வர்ற வரைக்கும் ஒண்ணும் தொடாதீங்க" என்றார். நான் அடுப்பைத் தொடவில்லை. ஆயுத பூசைக்குப் பேக்டரி மெஷின்களுக்குச் சூடம் காட்டுவது எங்கள் வழக்கம். செத்துப் பிழைத்த அடுப்புக்கும் காட்டுவோமே என்று அதன் முன் வெற்றிலையில் சூடம் வைத்து, நெருப்புப் பெட்டியைக் கையில் எடுத்தேன்.

தண்ணீர்க் குழாயடியில் குனிந்தபடியே அவர் கேட்டார். "ஏதாச்சும் வாசம் வருதா?"

எனக்கு எரிச்சல். பங்களாவின் பின்னால் கோவாப் பாத்தி இருந்தது. முட்டைக்கோசைத்தான் நாங்கள் கோவா என்போம். அழுகிய இலைகளைக் குழியில் கொட்டுவோம், வீச்சம் அடிக்கும். "கோவா அழுகித்தான் நாறுதுண்ணே. வேறென்ன வரும்?" என்று குச்சியை எடுத்தேன்.

ஓடி வந்து பெட்டியைப் பிடுங்கித் தண்ணீர்த் தொட்டியில் எறிந்தார். சிலிண்டரை மூடினார். என் கையைப் பிடித்து ரோஜாச் செடிகள் வரை இழுத்துப் போனார்.

"அது கோவா இல்லம்மா. கேஸு."

"ஒங்களுக்குத் தெரியலையா?"

அவர் தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார். "தூள் சலிக்கிற ரூம்ல நின்னு நின்னு மூக்கு செத்துப்போச்சு. ஏழெட்டு வருஷமாச்சு. ஒரு வாசமும் தெரியாது."

"நான் கருகிப் போயிருப்பேனே!"

"ஆமா. அதான் கேட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். குனிந்து நின்று கேட்டுக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "பெல்ட்டு கருகுறது தெரியாதவன பேக்டரியில வைக்க மாட்டாங்க. வேலை போனா தோட்டம் குடுத்த லயத்து வீடும் போயிரும். யாருக்கும் சொல்லாதீங்க. காமாட்சிக்கும்."

காமாட்சி அக்கா அவர் மனைவி. மகள் மேல் சத்தியம் செய்து கொடுத்தேன். குசினிக்காக நான் பட்ட பயத்தை அவர் வருடக்கணக்கில் பட்டுக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் புரிந்தது.

கேஸ் குழாய் பூட்டிய இடத்தில் சவர்க்கார நீர் நுரைத்தது. குழாயின் நுனியை அறுத்துத் திரும்பப் பூட்டினார். மறுபடியும் நுரை. மணி ஐந்தைத் தாண்டியது. மூன்றாம் தடவை நுரை இல்லை. என் மூக்கைக் குழாய் நெடுகக் கொண்டுபோகச் சொன்னார்.

"ஒண்ணும் இல்லண்ணே."

"கோவாவும் இல்லையா?"

"கோவாவும் இல்ல."

என்னைத் தூரத்தில் நிறுத்திவிட்டு, நீளக் கம்பில் துணி சுற்றி அவரே பற்றவைத்தார். நீலமாக எரிந்தது. விருந்து முடியும்வரை சிலிண்டருக்குப் பக்கத்திலேயே நின்றார். துரை வந்து, "எப்படி, பிட்டர்?" என்று கேட்டார்.

"வாசம் பங்களா கேட்டு வரைக்கும் வருதுங்க துரை."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திங்கட்கிழமை குசினி எனக்கு நிரந்தரமானது. அந்த அறையில் இருந்துதான் என் மகள் படித்தாள். அண்ணனும் ஒருவருக்கும் தெரியாமலே வேலையை முடித்து, ஓய்வு பெற்று, கொஸ்லந்தையில் மகன் வீட்டுக்குப் போனார்.

இழவு வீட்டில் காமாட்சி அக்கா அவர் தலைமாட்டில் இருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சரசு, ஒன் சமையல் வாசம் பங்களா கேட்டு வரைக்கும் வருதுன்னு துரைகிட்டயே சொன்னாராமே. கட்டிக்கிட்ட புதுசுல என் கொழம்ப வாசல்லயே மோந்து சொல்லுவாரு. அப்புறம் ஒரு வார்த்த இல்ல. வெச்சதத் தின்னுட்டு எழும்பிருவாரு. நான் என்ன கொற வெச்சேன்?"

பத்து வருடம் காத்த சத்தியம். அண்ணன் முகத்தைப் பார்த்தேன். இனி யாரும் அவர் வேலையைப் பறிக்க முடியாது. குனிந்து அக்காவின் காதில் எல்லாவற்றையும் சொன்னேன்.

 அக்கா அண்ணன் நெற்றியில் கலைந்திருந்த விபூதியைச் சரிசெய்தார்.

"பாவி மனுசா, எங்கிட்ட சொல்லியிருந்தா உப்பு புளிய கொஞ்சம் கூட்டிப் போட்டிருப்பேனே" என்றார்.

அண்ணே, வாக்கை மீறிவிட்டேன். அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. கோபம் இல்லாமல் போய் வாருங்கள்.