நோன்புக் காலத்துத் தலையும் கண்ணும் காதும்

தலையிடி என்று வருகிறவருக்கு ஒரு மாத்திரை போதும். பத்துக் கேள்வி கேட்காமல் அதைக் கொடுக்கப் பயப்படுவது வைத்தியனுடைய வியாதி. டிஸ்பென்சரி வாங்குப் பலகையில் காத்திருந்து அலுத்த உங்களுக்கு இது தெரியாததல்ல.

நான் கல்முனைக்காரன், மெதடிஸ்த குடும்பம். பள்ளியில் தமிழும் ஆங்கிலமும். பிறகு பதினைந்து வருடம் ஆபிரிக்காவில் டொக்டர் வேலை. எண்பதுகளின் தொடக்கத்தில் திரும்பிவந்து கடைத்தெருவில் டிஸ்பென்சரி திறந்தேன். மருந்து கட்டிக் கொடுக்கக் காசீம் காக்கா வந்து சேர்ந்தார்; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் காக்கா என்போம். இரண்டாம் மாதமே நோன்பு பிறந்தது.

நாலு மணித் தலையிடி

புடவைக்கடை முதலாளி ஒருவர் மூன்று நாளாகப் பின்னேரம் நாலு மணிக்கு வந்தார். இரண்டு நெற்றிப்பொட்டும் இடிக்கிறதாம். பிரஷர் பார்த்தேன், சரி. கண்ணுக்குள் லைட் அடித்தேன், சரி. பல், மூக்கு, கழுத்து எல்லாம் தட்டிப் பார்த்து, மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கடிதமும் எழுதத் தொடங்கிவிட்டேன்.

காசீம் காக்கா மருந்து கட்டியபடியே கேட்டார்: "முதலாளி, மத்த மாசத்தில நாளைக்கு எத்தின தேத்தண்ணி?" முதலாளி விரல் மடித்தார். பத்து விரலும் முடிந்த பிறகும் எண்ணிக்கை நிற்கவில்லை. நான் கடிதத்தைக் கிழித்தேன். அவர் போன பிறகு காக்கா சொன்னார்: "டொக்டர் ஒருநாள் தேத்தண்ணி இல்லாம இரிந்து பாத்திருந்தா, இந்த லைட்டெல்லாம் அடிச்சிரிக்கத் தேவல்ல."

காதுக்குள் தண்ணீர்

சம்மாந்துறை டிராக்டர் சாரதி ஒருவருக்கு வலது காது நாலு மாதமாக அடைப்பு. உள்ளே குறும்பி கல்லாகக் கிடந்தது. இளஞ்சூட்டுத் தண்ணீரைப் பீச்சினால் ஐந்து நிமிட வேலை. தலையைச் சரிக்கச் சொல்லிவிட்டுக் குழலைத் தூக்கினேன். பின்னாலிருந்து காக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கண்ணுக்கு மருந்து விட்டா நோன்பு முறியா டொக்டர். காதுக்குள்ள தண்ணி விட்டா முறியும்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சாரதிதான் என்னைத் தேற்றினார்: "நோன்பு துறந்திட்டு வாறன் டொக்டர். நாலு மாசம் பொறுத்த காது மூணு மணித்தியாலம் பொறுக்காதா?"

பொறுக்காத கண்

சுலைஹா உம்மாவை அக்கரைப்பற்றிலிருந்து மகள் கூட்டிவந்தபோது பின்னேரத்து அசர் தொழுகை முடிந்திருந்தது. முதல்நாள் தொடங்கிய வலப்பக்கத் தலையிடி, ஓங்காளித்துச் சத்தி. ஒற்றைத் தலையிடி என்று வீட்டில் நெற்றியில் பத்துப் போட்டிருந்தார்கள். வலது கண் சிவந்திருந்தது. "விளக்கைப் பார்த்தால் எப்படித் தெரியுது?" என்று கேட்டேன். "சுத்திவர வானவில் மாதிரி," என்றார். மூடிய இமைமேல் விரல் வைத்தேன். இடது கண் பழுத்த திராட்சை. வலது கண் பிள்ளைகள் உருட்டும் கண்ணாடிப் போளை. கண்ணுக்குள் அமுக்கம் ஏறியிருந்தது. உடனே இறக்காவிட்டால் பார்வை போய்விடும்.

சொட்டு மருந்துக்குச் சம்மதித்தார். மாத்திரைக்கு வாயை மூடிக்கொண்டார். "மஃரிபுக்குப் பிறகு, நோன்பு துறந்திட்டுப் போடுறன்."

"வருத்தக்காரருக்கு நோன்பை விட அனுமதி இருக்கே, உம்மா."

"அதைச் சொல்ல நீங்க ஆரு மகன்?"

காக்கா வந்து பக்கத்தில் குந்தினார். "உம்மா, இந்த நோன்புக்குக் குர்ஆன்ல எத்தின ஜுஸ்வு ஓதியிரிக்கீங்க?"

"பதினேழு."

"மிச்சம் பதிமூணையும் எந்தக் கண்ணால ஓதப் போறீங்க? விட்ட நோன்பைப் பிறகு கழாப் பிடிக்கலாம். விட்ட கண்ணைப் பிடிக்க ஏலுமா?"

"நான் கழா முடிக்கிற மட்டும் உசிரோட இரிப்பனெண்டு உனக்கு ஆரு சொன்ன?" என்று கேட்டுவிட்டுக் கிழவி மாத்திரைக்குக் கையை நீட்டினார். தண்ணீர்க் கோப்பையை மகள் பிடித்தாள். அவர் விழுங்கும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்படியே வாடகைக் காரில் மட்டக்களப்புக்கு அனுப்பினோம்.

பெருநாள் கழித்து வட்டிலப்பத்தோடு வந்தார். வலது கண்ணில் கொஞ்சம் மங்கல், எழுத்துத் தெரிகிறது. நன்றி சொல்வார் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "எட்டு நோன்பு கழாக் கிடக்கு மகன். நாளைக்கு முதலாவதைப் பிடிக்கிறன், நீங்களும் என்னோட பிடிங்க."

அன்றுமுதல் நோயாளியின் தலையையும் கண்ணையும் காதையும் நான் பார்த்தேன். நோயாளியைக் காசீம் காக்கா பார்த்துக்கொண்டார்.