எறும்புகள் பத்திரமாக இருந்த ஊர்

1. வேலை கேட்டுப் போனது

மதுரையில் எனக்கு வேலை கொடுப்பதற்கு முன் ரெங்காராம் முதலாளி கேட்ட முதல் கேள்வி இதுதான்: "ரங்கூன்ல என்னத்தக் களவாண்டீரு பாய்?"

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அப்போதெல்லாம் ரங்கூனிலிருந்து திரும்புகிறவன் கோட்டு போட்டு, கைக்கடிகாரம் கட்டி, ஆளுயர டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்குவான். நான் வந்தது தையல் போட்ட தலையோடும் ஒரு தகரப் பெட்டியோடும். பக்கத்தில் என் மனைவி ஆமினா. அவள் முகம் அச்சு அசல் பர்மாக்காரி முகம்.

முதலாளிக்குக் கீழ மாசி வீதியில் ஜவுளிக்கடை, செல்லூரில் தறிகள். சௌராஷ்டிரக்காரர். கடையில் தம்பிமாரோடு பேசுவது அவர்கள் பாஷையில்தான். திட்டும்போது மட்டும் தமிழுக்கு வந்துவிடுவார், எல்லோருக்கும் விளங்கட்டும் என்று.

நான் குனிந்து தலையைக் காட்டினேன். "களவாங்கல முதலாளி. அடிச்சு வெரட்டிட்டாங்க."

"யாரு?"

"அந்த ஊர்க்காரங்கதான்."

"போம்யா! புத்தரக் கும்புடுறவங்க எறும்பக்கூட மிதிக்க மாட்டாங்கன்னுல்ல சொல்லுவாங்க?"

"எறும்பெல்லாம் அங்க பத்திரமாத்தான் இருக்கு முதலாளி. அடி எங்களுக்குத்தான்."

சிரித்துவிட்டார். சிரித்த வாயோடு, "நாளைக்கு வாரும்" என்றார். நான் சொன்னது சிரிப்பதற்கான விஷயமில்லை. ஆனால் அழுதுகொண்டு சொல்கிறவனை எந்தக் கடையிலும் விற்பனை வேலைக்கு வைக்க மாட்டார்கள்.

2. யாரும் படிக்காத புத்தகம்

ரங்கூனில் நான் இருந்தது ஒரு கைலிக் கடையில். சின்ன வயதிலேயே கப்பலேறி, கடை முகப்பில் விரித்த மெத்தையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குத் துணிப் பீஸ் பிரித்துப் போடப் பழகி, அங்கேயே கல்யாணமும் ஆனது. ஆமினாவின் அத்தா மேலூரிலிருந்து போன தமிழ் முஸ்லிம். அம்மா இஸ்லாத்துக்கு வந்த பர்மியப் பெண். இப்படிப் பிறந்தவர்களை அங்கே ஜெர்பாதி என்பார்கள். எங்களைப் போல இந்தியாவிலிருந்து போனவர்களுக்குப் பெயர் 'கலா'. சொல்கிற வாயைப் பொறுத்து அது வெறும் பெயராகவும் இருக்கும், காறித் துப்புவதாகவும் இருக்கும்.

நான் இருந்த கடைசி வருஷத்தில் துப்புகிற வாய்கள் பெருகிவிட்டன. கலா வந்து நம் வேலையைப் பிடுங்குகிறான், நம் பெண்களைக் கட்டி மதம் மாற்றுகிறான், முஸ்லிம் கடையில் துணி வாங்காதே என்று பேச்சு. பல வருஷமாக என்னிடம் துணி எடுத்த ஒரு பெண், ஒருநாள் வாசலில் நின்று, "நீ முஸ்லிமா?" என்று கேட்டாள். நோன்புப் பெருநாளைக்கு வருஷா வருஷம் என் வீட்டுப் பிரியாணியைத் தின்றவள்! "இல்ல, போன வாரம் வரைக்கும் கடல்ல மீனா இருந்தேன்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

அதன் பிறகு ஒரு புத்தகம் பற்றிப் பேச்சுக் கிளம்பியது. யாரோ ஒரு முஸ்லிம் எப்போதோ எழுதியதாம். அதில் புத்தரை இழிவாகச் சொல்லியிருக்கிறதாம். அந்தப் புத்தகத்தை நான் கண்ணால் கண்டதில்லை. என் மண்டையைப் பிளந்தவனும் படித்திருக்க மாட்டான். படிக்காத இரண்டு பேருக்கு இடையில் அந்தப் புத்தகம் அவ்வளவு வேலை செய்தது.

கும்பல் வந்தபோது பட்டப்பகல். எங்கள் கடையில் மூத்த ஆள் காதர் அண்ணே, கடையின் பலகைக் கதவுகளை ஒவ்வொன்றாகப் பொருத்திக்கொண்டிருந்தார். "இன்னும் ரெண்டு பலகதான், நீ உள்ள போ" என்றார். அந்த இரண்டு பலகையைப் பொருத்த அவரை விடவில்லை. வாசலிலேயே வெட்டிப் போட்டார்கள். அவரைத் தூக்கப் போன என் தலையில் இரும்புத்தடி இறங்கியது. இதை வேறு மாதிரிச் சொல்ல எனக்கு இன்றுவரை வரவில்லை.

ஆமினாதான் என்னைப் பின்சந்து வழியாக இழுத்துக்கொண்டு ஓடினாள். அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்த ஒருத்தி மாடியிலிருந்து, "கலா பெத்ததும் ஓடுது பாரு" என்று கத்தினாள். ஓடியது டோ சேன் என்ற விதவையின் மீன்கடைக்கு. பர்மாக்காரர்கள் மீனை நாட்பட ஊறவைத்து ஒரு பசை செய்வார்கள். ஙப்பி என்று பெயர். அதன் வாடைக்குப் பழகாதவனால் அந்தத் தெருவிலேயே நிற்க முடியாது. அந்தப் பீப்பாய்களுக்குப் பின்னால் எங்களை உட்காரவைத்துவிட்டு, டோ சேன் வாசலில் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"உள்ள கலா எவனாவது இருக்கானா?" என்று கேட்டார்கள்.

"இருக்கான். பீப்பாக்குள்ள ஊறிக்கிட்டிருக்கான். வேணும்னா கையை விட்டுத் தேடு."

ஒருவன் மட்டும் உள்ளே எட்டிப் பார்த்தான். மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டான். டோ சேன் தினமும் புத்தருக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறவள். அடித்தவனும் புத்தரைக் கும்பிடுகிறவன், ஒளித்துவைத்தவளும் புத்தரைக் கும்பிடுகிறவள். அந்த மதத்தைப் பற்றி இதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியாது. ஊர் திரும்பிய கப்பலில், என்மேல் அடித்த ஙப்பி வாடைக்கு என் பக்கத்தில் ஒருத்தரும் படுக்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

3. ஏட்டையா வந்தார்

மதுரையில் எங்கள் ஆட்கள் இருக்கும் தெருவிலேயே வீடு தேடினோம். வீட்டுக்காரம்மா, இவள் முஸ்லிம்தானா என்று ஆமினாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கலிமா சொல்லு பாப்பம்" என்றார். ஆமினா சொன்னாள். அந்தம்மா கூடவே ஓதியதில் இருந்த ஒரு பிழையையும் திருத்தினாள். அந்த வீடு கிடைக்கவில்லை. மூன்றாவதாகப் பார்த்த வீட்டில் அவளை வாயைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவைத்தேன்.

அவள் கடைக்குச் சோறு கொண்டுவருவாள். பர்மாவில் கடைத்தெருவே பெண்கள் கையில்தான். சோற்றுவாளியை வைத்த கையோடு, துணி பார்த்துக்கொண்டிருக்கும் பெண்களிடம் பேச்சுக் கொடுப்பாள். நான் பத்துப் பீஸ் பிரித்துப் போட்டு ஒன்று விற்பேன். அவள் இரண்டு பிரித்து மூன்று விற்பாள். முதலாளி ஒரு வாரம் வேடிக்கை பார்த்தார். அப்புறம் அவராகவே, "ஒம்ம வீட்டம்மாவும் மெத்தைல ஒக்காரட்டும், சம்பளம் போட்டுருவம்" என்றார். கடையில் பெண் உட்காருவது அப்போது பெரிய அதிசயம். அதைப் பார்க்கவே கூட்டம் வந்தது.

மூன்று வருஷம் கழித்துச் சண்டை அந்தப் பக்கமும் வந்து, ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டதும் அந்தக் கூட்டம் வேறு மாதிரிப் பார்க்க ஆரம்பித்தது. எவனோ போய்ப் பிராது கொடுத்திருக்கிறான். ஒருநாள் காலை, போணி ஆவதற்கு முன்பே ஏட்டு வந்து நின்றார்.

"இங்க ஜப்பான்காரி ஒருத்தி ஏவாரம் பாக்குறாளாமே?"

ஆமினா எழுந்து நின்றாள். "நான்தான். சொல்லுங்க."

ஏட்டு கொஞ்சம் தடுமாறினார். "ஏதாச்சும் ஜப்பான் பாஷையில பேசு."

"எனக்குத் தெரியாதே. ஒங்களுக்குத் தெரியுமா ஏட்டையா?"

"எனக்கெப்பிடித் தெரியும்?"

"பெறகு நான் பேசுறது ஜப்பானா இல்லையான்னு எப்பிடிக் கண்டுபுடிப்பீக?"

கடைப் பையன்கள் துணிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். அவள் நிறுத்தவில்லை. "எங்கத்தா மேலூரு. அங்கன போயி விசாரிங்க. ரங்கூன்ல நீ எங்காளு இல்ல, முஸ்லிமுன்னு வெரட்டுனாக. இங்க வந்தா, மூஞ்சியப் பாத்து நீ முஸ்லிமே இல்லங்குறாக. இப்ப ஜப்பான்காரியாமுல்ல! இம்புட்டுக்கும் நான் ஒருத்திதான ஏட்டையா இருக்கேன்? எத்தன நாட்டுக்குத்தான் ஒழைக்கிறது?"

மேலூர்ப் பேச்சு அப்படியே தெறித்தது. ஏட்டுக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. ஆனாலும் மேலே பதில் சொல்ல வேண்டுமே. வாரம் ஒருமுறை ஸ்டேஷனுக்கு வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போகச் சொன்னார். போகிறபோது ஒரு கைலியைத் தொட்டுப் பார்த்து, "சாயம் போவுமா?" என்று கேட்டார். "போவாது, மேலூர்ச் சரக்கு" என்றாள் ஆமினா.

4. கொஞ்ச நாளைக்கு

அன்று சாயங்காலம் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் முகத்தில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"பாய், நம்ம பேர்ல ஒண்ணுமில்ல. துணி எடுக்க வர்ற பார்ட்டிகதான் மொணமொணங்குறாங்க. கொஞ்ச நாளைக்கு அம்மாவப் பின்கட்டுல ஒக்காரச் சொல்லுங்க. துணி மடிக்கட்டும். சம்பளம் அப்பிடியே தாரேன்."

ரங்கூனில் எங்கள் கடைக் கட்டடத்தின் சொந்தக்காரர் ஊ தௌங் என்ற பெரியவர். நல்ல மனிதர். கலவரத்துக்குச் சில மாதம் முன்பு அவரும் இதே தயவான குரலில்தான், கொஞ்ச நாளைக்கு நீங்கள் முன்னால் உட்கார வேண்டாம், பர்மாப் பையன் ஒருவனை உட்காரவைப்போம் என்றார். நாங்கள் சரியென்று பின்னால் போனோம். பின்னால் போனவர்களை முன்னால் வாருங்கள் என்று யாரும் கூப்பிடவில்லை. எங்கள் கடைக்கு வந்துகொண்டிருந்தவர்களுக்கு எங்கள் முகமே மறந்துபோனது. முகம் மறந்தவனை அடிப்பது சுலபம்.

இதை நான் முதலாளியிடம் சொன்னேன். அவர் கல்லாப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அதுவும் இதுவும் ஒண்ணா பாய்? நான் என்ன கம்பா எடுத்தேன்?"

"நீங்க எடுக்கல முதலாளி. எடுக்கவும் மாட்டீங்க. ஊ தௌங்கும் எடுக்கல."

ஆமினா அதற்குள் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். "மச்சான், துணி மடிக்கவா கப்பலேறி வந்தேன்? வாங்க போவம்."

இரண்டு பேருக்கும் கையில் வேலை இல்லை, ஸ்டேஷனுக்குப் போகும் கடமை மட்டும் இருந்தது. அடுத்த வாரம் முதலாளியே எங்கள் வீட்டுக்கு வந்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. செல்லூர்த் தறியில் இறங்கிய கைலியும் சேலையும் ஒரு மூட்டை. "வித்துட்டுப் பணத்தக் குடுங்க" என்று சொல்லிவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் போனார். தன் கடை வாசலில் உட்காரவைக்கத் தைரியம் இல்லாதவருக்கு, தன் சரக்கை நம்பிக் கொடுக்கத் தைரியம் இருந்தது. மனிதர்களைக் கூறு போட்டு வைக்க முடியாது. நான் மூட்டையைத் தூக்கிக்கொண்டேன்.

செல்லூரிலிருந்து கோச்சடை வரை வீடு வீடாகப் போனோம். நான் சுமப்பேன், அவள் விற்பாள். தெருப் பெண்கள், "ஏ, ஜப்பான்காரி வந்துட்டா டோய்" என்று ஒருவரையொருவர் கூப்பிடுவார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரியும். திரும்பிவிடலாம் என்பேன். "சும்மா வாங்க மச்சான்" என்பாள்.

கோச்சடையில் ஒரு வீட்டில் அடர்பச்சைச் சேலை ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அந்த வீட்டம்மா பேரத்தை ஆரம்பித்தார். "ஏ ஜப்பான்காரி, கொறச்சுச் சொல்லு."

ஆமினா வெறுமனே சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஒன்னத்தான். எம்புட்டுக்குத் தருவ?"

ஆமினா மூட்டையின் முடிச்சைச் சரிசெய்தாள். அந்தம்மா என்னைப் பார்த்தார். "என்ன பாய், ஊமையாயிட்டா?"

"ஜப்பான்காரிக்குத் தமிழ் தெரியாதேத்தா" என்றாள் ஆமினா, நிதானமாக. "சொன்ன வெலயக் குடுத்துட்டு வாங்கிக்கிற வேண்டியதுதான். ஆமினான்னு ஒருத்தி இருக்கா, அவ வேணும்னா பேரம் பேசுவா."

அந்தம்மா சேலையைப் பார்த்தார். ஆமினாவைப் பார்த்தார். சேலையைக் கீழே வைக்க மனசு வரவில்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் இளைய பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: யார் எவ்வளவு தயவாகச் சொன்னாலும் மெத்தையை விட்டு எழுந்து பின்கட்டுக்குப் போகாதீர்கள். எழுந்தால் நேரே தெருவுக்குப் போங்கள். அங்கே நாலு பேர் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள்.

"சரி ஆமினா" என்றார் அந்தம்மா கடைசியில், பல்லைக் கடித்துக்கொண்டு. "கொறச்சுச் சொல்லு."

"அப்பிடிக் கேளுங்கத்தா" என்று என் மனைவி சம்மணத்தை மாற்றிப் போட்டு உட்கார்ந்தாள்.