கொடுக்குக்குப் பக்கத்தில் ஒரு கூட்டம்

துறைமுகத்து இன்ஜினீயர் ஆபீசில் எத்திராஜ் டிரேசர். கடலின் ஆழத்தை யாரோ அளந்து வருவார்கள், யாரோ வரைவார்கள். எத்திராஜ் போன வருஷத்துப் படத்தின்மேல் டிரேசிங் துணியை விரித்து, மாறிய எண்களை மட்டும் மாற்றி, மாறாததையெல்லாம் அப்படியே மையில் எடுப்பார். படத்தின் மூலையில் மூன்று கட்டங்கள் இருக்கும்: அளந்தவர், வரைந்தவர், நகலெடுத்தவர். அவருடைய கையெழுத்து எப்போதும் மூன்றாவது கட்டத்தில்தான். கை நடுங்காது, கோடு பிசிறாது. அந்த ஆபீசில் அவரிடம் அதற்குமேல் யாரும் எதுவும் கேட்டதில்லை.

யுத்த காலத்தில் ஊர் இருட்டடிப்பில் கிடந்தபோது, விமானம் வருகிறதா என்று பார்க்க மொட்டை மாடியில் ஆட்களை முறைவைத்து நிறுத்தினார்கள். எத்திராஜின் முறை வந்த ஒரு விடியற்காலை. தென்கிழக்கே கடல்மேல் விருச்சிக ராசியின் தேள் எழுந்து நின்றது. அதன் கொடுக்குக்கு இடப்பக்கம் வெள்ளையாக ஏதோ புகைந்தது. விமானத்தின் புகையோ என்று பதறி, காவலுக்குக் கொடுத்திருந்த பைனாகுலரை எடுத்து வைத்தார். புகை உடைந்து நட்சத்திரங்களாகச் சிதறியது. கொத்தாக, ஒன்றின் பக்கத்தில் ஒன்று. அதைப் பற்றி அவர் ஆபீசில் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் மறந்தும் போகவில்லை.

யுத்தம் முடிந்து, ராணுவச் சாமான்கள் மூர் மார்க்கெட்டில் குவிந்தபோது, வார் அறுந்த பைனாகுலர் ஒன்றோடு திருவொற்றியூர் வீட்டுக்கு வந்தார். மனைவி சொக்கம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இத்த வச்சிகினு இன்னா பண்ணப் போற? கப்பல் ஓட்டப் போறியா?”

வரையப் போகிறேன் என்றார். ஆபீசில் வரைவது போதவில்லையா என்று கேட்டுவிட்டு அவள் அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

மாசியிலும் பங்குனியிலும் விடியுமுன் அந்தக் கூட்டம் கடல்மேல் தெளிவாக நிற்கும். எத்திராஜ் கரையேற்றிய கட்டுமரம் ஒன்றில் சாய்ந்து உட்காருவார். இரண்டு மூங்கில்களைக் கத்தரிபோல் கட்டி நட்டு, அந்தக் கவட்டையில் பைனாகுலரைக் கட்டுவார், ஆடாமல் இருக்க. சைக்கிள் விளக்கின் முகத்தில் சிவப்புப் பட்டக் காகிதம். வெள்ளை வெளிச்சம் பட்டால் கண் மறுபடி இருட்டுக்குப் பழக நேரமாகும். முதலில் பிரகாசமானவற்றைக் காகிதத்தில் போட்டுக்கொள்வார். அவற்றுக்கு நடுவே இடம் பார்த்து மங்கலானவற்றை வைப்பார். மங்கலானவை நேராகப் பார்த்தால் மறையும். பார்வையைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் கண்ணின் ஓரத்தில் வந்து நிற்கும். இதையெல்லாம் அவர் உட்கார்ந்து உட்கார்ந்துதான் கண்டுகொண்டார்.

அந்த நேரத்தில் மீன்பிடிக்கக் கட்டுமரம் தள்ள வரும் ஜெயவேல் அவரைச் சும்மா விட்டுப் போனதில்லை.

“சண்ட முட்ஞ்சி எத்தினி வருசம் ஆவுது, இன்னும் ஏரோப்ளேன் தேடிகினுகீறியே மாமு.”

“வந்தா சொல்றேன். நீ போய் வலையப் போடு.”

ஒவ்வொரு மாசியிலும் போன மாசியின் படத்தை அடியில் வைத்து நகலெடுத்துக்கொள்வார். அதில் இல்லாத நட்சத்திரம் கண்ணில் பட்டால் சேர்ப்பார். வருஷா வருஷம் படம் நிறைந்தது. கடைசியில் அதை அட்டையில் ஒட்டி, சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டினார். தன் கையால் ஆனதில் அதுதான் நல்லது என்று நினைத்தார்.

ஐம்பத்திரண்டாம் வருஷ மாசியில் ஒருநாள் கடற்கரைக்குக் காபி கொண்டுவந்த சொக்கம்மாள், அப்படி என்னதான் இருக்கிறது என்று பைனாகுலரில் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“உன் படத்துல நடுவுல மூணு, கோடு போட்ட மாரி நிக்குது. மேல அப்டி இல்லியே. நடுவுல கீறது வெலகிகினு கீது.”

பழக்கமில்லாத கண்ணுக்கு அப்படித்தான் தெரியும் என்றார் எத்திராஜ். தினமும் வாசலில் புள்ளி வைக்கிறவளுக்குத் தெரியாதா என்று அவள் தம்ளரை எடுத்துக்கொண்டு போனாள். பிறகு அவர் பார்த்தார். விலகித்தான் இருந்தது. முதல் வருஷம் கைப்பழக்கத்தில் ஸ்கேல் வைத்துப் போட்டது. அதன்பின் ஒவ்வொரு வருஷமும் நகலெடுத்திருந்தார். காகிதத்தில் இல்லாததைத்தான் அவர் கண் மேலே தேடியது. இருப்பதை ஒருமுறைகூடச் சரிபார்க்கவில்லை.

அதே மாதம் தெருவில் பக்கவாட்டில் வந்த கைவண்டியில் இரண்டு முறை இடித்துக்கொண்டார். மகன் குணசேகரன் மின்சார இலாகாவில் மீட்டர்களைச் சோதிக்கும் வேலையில் இருந்தான். அவன்தான் கண்ணாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது, பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டு வரும், போனது திரும்பாது, மருந்து போட்டாலும் அடுத்த வருஷத்துக்கு உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். பங்குனி முடியும்வரை தாங்குமா என்று மட்டும் எத்திராஜ் கேட்டார். பங்குனியில் என்ன விசேஷம் என்று டாக்டருக்குப் புரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சுவரிலிருந்த படத்தைக் கழற்றினார். அந்த ஒன்றை மட்டும் சுரண்டி நகர்த்தினால் போதுமே, மற்றது சரியாகத்தானே இருக்கிறது என்றான் குணசேகரன்.

“மத்தது சரின்னு உனக்கு யாரு சொன்னது? எதயும் நா திரும்பிப் பாக்கலியே.”

புதுக் காகிதம் எடுத்தார். அடியில் எதுவும் இல்லை. சித்திரை பிறந்தால் கடல்மேல் புழுக்கமும் மூட்டமும் வந்துவிடும். அதற்குள் முடிக்க வேண்டும். சொட்டு மருந்து விட்டால் கண்பாவை சுருங்கி வானம் மங்கியது. அதனால் காலைச் சொட்டைக் கடற்கரையிலிருந்து திரும்பிய பிறகே விட்டுக்கொண்டார். சொக்கம்மாள் சண்டை போட்டாள். மருந்து தப்பவில்லை, தள்ளித்தான் போகிறது என்றார். மணலில் கயிறுகள் தடுக்கின. தடுக்கிய இடத்திலேயே உட்கார்ந்து பென்சிலைத் தேடி எடுத்துக்கொண்டு மேலே நடந்தார். மேகம் மூடிய நாட்களிலும் போய் உட்கார்ந்தார். ஒரு நட்சத்திரத்தின் இடம் மூன்று விடியல்களில் ஒன்றுபோல் வந்தால்தான் அழுத்திப் போட்டார்.

பங்குனிக் கடைசியில் படம் வரையும் பலகையைத் தூக்கிக்கொண்டு குணசேகரன் கூடப் போனான். அவர் முடித்ததும் அவனும் பார்த்தான். காகிதத்தில் இருந்ததைவிட மேலே நிறைய இருந்தன. விளிம்புக்கு அருகில் ஒன்றைச் சொன்னான்.

“இங்க ஒண்ணு மங்கலா கீது நைனா. பழைய படத்துலயும் போட்டுகீற.”

எத்திராஜ் மறுபடி கண்ணை வைத்தார். பார்வையை இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்த்தார். அது வந்து நிற்க அவருக்கு ஓரம் இல்லை.

“எனக்குத் தெர்ல.”

“நா பாக்கறேனே. ஒரு புள்ளிதானே, வையேன்.”

“நீ பாத்தா வேற பேப்பர்ல போடு. இது நா பாத்தது.”

குரலில் வருத்தம் இல்லை. ஆபீசில் ஒரு எண்ணைத் திருத்தும்போது பேசுகிற குரல் அது. அன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே மையில் எடுத்தார். பழைய படத்தில் பாதிதான் தேறியது. நடுவில் இருந்தது கோட்டை விட்டு விலகி நின்றது. மூலையில் ஒரே ஒரு கட்டம் போட்டு, முழுப் பெயரையும் எழுதினார்.

அடுத்த மாசி வந்தபோது எத்திராஜ் இல்லை. மூங்கில்கள் பரண்மேல் இருந்தன. குணசேகரன் அவற்றை எடுத்துக் கட்டி, அதே இடத்தில் நட்டு, படத்தை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தான். அதில் இருந்தவை எல்லாம் மேலேயும் அதே இடத்தில் இருந்தன. அதில் இல்லாதவையும் இருந்தன. சட்டைப்பையில் இருந்த பென்சிலை அவன் எடுக்கவில்லை. வெளுக்கும்வரை பார்த்துவிட்டு, மூங்கிலைப் பிடுங்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான்.