கிளாங் ராணி செத்துவிட்டாளா?

தேனீப் பெட்டி பார்க்கும் தொழிலில் கொட்டு வாங்குவது சுலபம். ராணி உயிரோடு இருக்கிறாள் என்று பெட்டிக்காரரை நம்பவைப்பதுதான் கடினம். மனித குலத்தின் பெரும்பிழை ஒன்றை இங்கே திருத்தியாக வேண்டும்: ராணியைக் காணோம் என்பதும் ராணி இல்லை என்பதும் ஒன்றல்ல. பெட்டி வைத்து அவதிப்படும் அன்பர்களே, உங்களுக்கு இது தெரியும். கிளாங் ஊர்ச் சேகருக்குத் தெரியாது.

சாம்பிராணி

சேகர் வீட்டுக் கொல்லையில் ஒரே பெட்டி. காலையில் வேலைக்குப் போகுமுன் அதனிடம் சொல்லிக்கொண்டுதான் போவார். "ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தேடுறேன் அண்ணே, ராணியக் காணோம்" என்று என்னிடம் முறையிட்டார்.

ஏன் வெள்ளிக்கிழமை என்று விசாரித்தேன். அன்றுதான் அவர் மனைவி கோமதி சாமியறையில் சாம்பிராணி போட்டு, மிச்சப் புகையைப் பெட்டிக்கும் காட்டுவாராம். புகை கண்டதும் ராணி ஏதாவது மூலைக்கு ஓடி ஒளிவாள். அதன் பிறகு சேகர் மூடியைத் திறப்பார். விளக்கி முடித்தேன். கோமதி கவலையோடு கேட்டார்: "சாமிக்கு மட்டும் காட்டினா இதுங்க கோவிச்சுக்காதா?"

மச்சான்

கோமதியின் அண்ணன் கேரி தீவிலிருந்து லோரியோடு வந்திருந்தார். அவரும் பெட்டி வைத்திருப்பவர். தம் ராணியின் முதுகில் நகப்பூச்சால் சிவப்புப் பொட்டு வைத்திருப்பதாகவும், அதனால் தேடும் வேலையே இல்லை என்றும் பெருமையடித்தார். ராணி இல்லாத கூட்டத்தை ராணி உள்ள கூட்டத்தோடு சேர்த்துவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. அதாவது, சேகரின் கூட்டம் அவருக்கு. கொள்கை சரியானதுதான், சேகர் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

பெட்டியில் காதை வைத்தேன். ராணியை இழந்த கூட்டம் ஒப்பாரி போல் இரையும். இது நிம்மதியாக ரீங்கரித்தது. ஆனால் திறந்து பார்த்தால், தேனடையில் ஒரு முட்டைகூட இல்லை. தொடர்மழையில் பூ குறைந்தால் ராணி முட்டையிடுவதை நிறுத்தி வைப்பாள் என்றேன். மச்சான் சிரித்தார்: "மழைன்னா லீவா? கவர்மெண்ட் வேலையா பாஸ்?"

பரீட்சை

சந்தேகம் தீர ஒரு வழி உண்டு. வேறு கூட்டத்திலிருந்து முட்டையுள்ள அடை ஒன்றை உள்ளே வைக்க வேண்டும். ராணி இல்லாவிட்டால், வேலைக்காரத் தேனீக்கள் அதில் புது ராணியை வளர்க்க நிலக்கடலை போல் ராணி அறை கட்டத் தொடங்கும், இருந்தால் கட்டாது.

"நம்மகிட்ட இருக்கு லா" என்றார் மச்சான். ஈக்களை நன்றாக உதறிவிட்டு அடையை மட்டும் கொண்டுவரச் சொன்னேன். மறுநாள் நான் போவதற்குள் அவரே வைத்து மூடியிருந்தார். உதறினீர்களா என்று கேட்டேன். "எதுக்கு பாஸ்? அதுங்களும் கிளாங் பாக்கட்டும்."

தீப்பெட்டி

இரண்டொரு நாளில் சேகர் போன் செய்தார். அழுகிற குரல். "அண்ணே, ராணி வாசல்ல செத்துக் கெடக்கு!"

போனபோது மச்சான் பெட்டியை லோரியில் ஏற்றிக் கட்டக் கயிறோடு தயாராக நின்றார். கோமதி, ராணியின் உடலைத் தீப்பெட்டியில் பஞ்சு விரித்துக் கிடத்தியிருந்தார். முதலில் அடையைத் தூக்கிப் பார்த்தேன். ராணி அறை ஒன்றுகூட இல்லை. வீட்டு ராணி உள்ளே நலம்.

பிறகு தீப்பெட்டியைத் திறந்தேன். முதுகில் சிவப்புப் பொட்டு. மச்சானின் கையிலிருந்து கயிறு நழுவியது.

"பொட்டோட போயிருக்கா, புண்ணியவதி" என்றார் கோமதி. ராணித் தேனீயின் கணவர்கள் கூடிய கணமே இறந்துவிடுவார்கள் என்று திருத்த அது நேரமல்ல. சேகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "மச்சான், உங்க கொள்கை இப்ப என்ன சொல்லுது?"

ஞாயிற்றுக்கிழமை கேரி தீவு லோரி மறுபடியும் கிளாங் வந்தது, பின்னால் ஒரு பெட்டியோடு.